மீட்டது யாரை? நியூ டீல் மீது முடியாத விசாரணை

1936-இல் அமெரிக்காவின் ஏதோ ஒரு மாவட்டத்தில், அரசு கொடுத்த மண்வெட்டியோடு சாலை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளி வேலையில் இருந்தவரா, வேலையற்றவரா? காலையில் வேலைக்குப் போனார், மாலையில் களைத்துத் திரும்பினார், சம்பளம் வாங்கினார், அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால், பிற்கால ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்திய புள்ளிவிவரம் அவரை வேலையற்றோர் பட்டியலில் வைத்திருந்தது. ஸ்டான்லி லெபர்காட் தொகுத்த அந்தக் கணக்கின்படி 1936-இல் வேலையின்மை ஏறக்குறைய 17 சதவீதம். பொருளியல் அறிஞர் மைக்கேல் டார்பி 1976-இல் அந்தக் கணக்கைத் திருத்தினார். அரசின் அவசர வேலைத் திட்டங்களில் இருந்தவர்களையும் வேலை பார்ப்பவர்களாகச் சேர்த்தார். 17 சதவீதம் சுமார் 10 சதவீதமாக இறங்கியது. கணக்கில் 35 லட்சம் தொழிலாளர்கள் தொலைந்துபோயிருந்தார்கள் என்பதையே அவர் தன் கட்டுரையின் தலைப்பாக வைத்தார்.

இரண்டு கணக்குமே பொய்யில்லை. தனியார் துறை எத்தனை பேருக்கு வேலை தரத் தவறியது என்று அறிய விரும்புபவருக்கு லெபர்காட்டின் எண் உதவும். எத்தனை குடும்பங்களில் சம்பளமே வராமல் போனது என்று கேட்பவருக்கு டார்பியின் எண் நெருக்கமானது. நூறு நாள் வேலைக்குப் போகிறவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று நம்மூரில் எழும் வாதத்துக்கு இது மூத்த வாதம். மந்தக் காலத்து அரசுத் திட்டங்களை வரலாறு எப்படி எடைபோடுகிறது என்பதைப் பேச இங்கிருந்து தொடங்குவதே சரி. எதை எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்று முடிவெடுக்கும்போதே தீர்ப்பின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1933-க்குள் அமெரிக்காவின் உற்பத்தி கால் பங்குக்கும் மேல் சுருங்கியது. உழைப்பாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. சுமார் 9,000 வங்கிகள் நொடித்துப்போயின. அவற்றோடு சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களின் பணமும் போயிற்று. இந்தச் சரிவைத்தான் பெருமந்தம் என்கிறோம். 1933 மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அடுத்த சில ஆண்டுகளில் கொண்டுவந்த சட்டங்களுக்கும் அமைப்புகளுக்கும் சேர்த்து வழங்கும் பெயர்தான் நியூ டீல். வங்கிச் சீரமைப்பு, தங்கத்தின் விலை மாற்றம், தொழில் துறைக்கான விதிகள், பயிர்க் குறைப்பு, அணைக்கட்டுகள், காடு வளர்ப்பு, வீட்டுக் கடன் மீட்பு, முதியோர் ஓய்வூதியம், தொழிற்சங்க உரிமை எல்லாம் அதற்குள் அடங்கும். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டவையும் அவற்றில் உண்டு. மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வென்றதா தோற்றதா என்று கேட்டால் நேர்மையான பதில் கிடைக்காது.

ஆனாலும் அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நியூ டீல் மொத்தத்தில் பெருமந்தத்தை நீட்டித்து ஆழப்படுத்தியது என்ற கூற்றை ஏற்கிறீர்களா என்று பொருளாதார வரலாற்றை ஆராய்பவர்களிடம் ராபர்ட் வாப்பிள்ஸ் கருத்துக் கணிப்பு நடத்தினார். முடிவுகள் 1995-இல் வெளியாயின. வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் அந்தக் கூற்றை மறுத்தார்கள். பொருளியல் துறையினரில் மறுத்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். ஒரே காலத்தைப் படித்தவர்கள், ஒரே ஆவணங்களைப் புரட்டியவர்கள் இப்படிப் பிரிந்து நிற்கக் காரணம் என்ன? ஒரு சாரார் மீட்சி எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்த்தார்கள். இன்னொரு சாரார் மீட்சி வரும்வரை மக்கள் எப்படி உயிர்வாழ்ந்தார்கள், மீட்சிக்குப் பின் நாடு எப்படி மாறியிருந்தது என்று பார்த்தார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள், முதல் கேள்விக்காரர்களே அறிவியல்பூர்வமானவர்கள் என்றொரு எண்ணம் பொதுவெளியில் உண்டு. அது தவறு. பசித்த குழந்தைக்குப் பால் போய்ச் சேர்ந்ததா என்பதும் அளக்கக்கூடிய விஷயம்தான். பிற்காலத்தில் அளந்தும் காட்டினார்கள்.

அதிகம் சண்டையில்லாத இடம் வங்கிகள். பதவியேற்ற இரண்டாம் நாளே ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடினார். மார்ச் 9 அன்று அவசர வங்கிச் சட்டம் நிறைவேறியது. மார்ச் 12 அன்று வானொலியில் மக்களிடம் நேரடியாகப் பேசினார். வங்கிகள் திரும்பத் திறந்தபோது, பணம் எடுக்க வரிசையில் நின்ற மக்கள் பணம் போட வரிசையில் நின்றார்கள். அந்தச் சட்டத்தை உருவாக்குவதில் முந்தைய அதிபர் ஹூவரின் நிதித் துறை அதிகாரிகள் பெரும்பங்கு ஆற்றினார்கள் என்பதை நியூ டீலைப் புகழ்பவர்கள் பல சமயம் மறந்துவிடுகிறார்கள். அதே ஆண்டில் வந்த வைப்புத்தொகைக் காப்பீட்டை ரூஸ்வெல்ட் தொடக்கத்தில் விரும்பவில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களின் அழுத்தத்தில் வந்த ஏற்பாடு அது. ஆனால், அது வந்த பிறகு, 1934-இல் காப்பீடு பெற்ற வங்கிகளில் 9 மட்டுமே நொடித்தன. அரசுத் தலையீட்டைக் கடுமையாக எதிர்த்த மில்டன் ஃபிரீட்மன், அன்னா ஷ்வார்ட்ஸுடன் 1963-இல் வெளியிட்ட அமெரிக்கப் பணவியல் வரலாற்றில், 1933-இன் நிகழ்வுகளால் வந்த கட்டமைப்பு மாற்றங்களில் நிதி நிலைத்தன்மைக்கு மிகவும் உதவியது இந்தக் காப்பீடுதான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த நூலின் மையமான குற்றச்சாட்டு வேறு. 1929-க்கும் 1933-க்கும் இடையில் அமெரிக்காவில் புழங்கிய பணத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. நாட்டின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாதாரணமான ஒரு சரிவு பெருமந்தமாக மாறியது இதனால்தான் என்றார்கள் இருவரும். 2002-இல் ஃபிரீட்மனின் 90-ஆவது பிறந்தநாள் கூட்டத்தில், அப்போது பெடரல் ரிசர்வ் ஆளுநர்களில் ஒருவராக இருந்த பென் பெர்னான்கி, அந்தத் தவறை நிறுவனத்தின் சார்பில் ஏற்று வருத்தம் தெரிவித்தார். ஒரு வரலாற்று நூல், தான் குற்றம்சாட்டிய நிறுவனத்தின் வாயாலேயே ஒப்புதல் பெறுவது அபூர்வம்.

நோய்க்குக் காரணம் பணச் சுருக்கம் என்றால் மருந்து எது? 1933-இல் அமெரிக்கா, பணத்தைத் தங்கத்தோடு பிணைத்த முறையின் பிடியிலிருந்து விலகியது. 1934 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. ஐரோப்பாவில் போர் அச்சம் கூடக் கூட அங்கிருந்த தங்கம் அமெரிக்காவுக்கு வந்து குவிந்தது. பணப்புழக்கம் பெருகியது. 1933-இலிருந்து 1937 வரையிலான மீட்சிக்குப் பெரும்பகுதி காரணம் இதுவே என்று கிறிஸ்டினா ரோமர் 1992-இல் நிறுவினார். அந்த நான்கு ஆண்டுகளில் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. நியூ டீல் காலத்தில் பொருளாதாரம் அசையவே இல்லை என்று சொல்பவர்கள் இந்த எண்ணைக் கடந்துதான் போக வேண்டும். விழுந்த பள்ளம் மிக ஆழமானது. அதனால்தான் அத்தனை வேகமாக ஏறியும் மேட்டை எட்ட நாளாயிற்று. பிற நாடுகளின் அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. பிரிட்டன் 1931 செப்டம்பரிலேயே தங்கத்தைக் கைவிட்டது. முன்னதாகக் கைவிட்ட நாடுகள் முன்னதாக மீண்டன என்று பேரி ஐக்கன்கிரீனும் ஜெஃப்ரி சாக்ஸும் 1985-இல் காட்டினார்கள்.

அப்படியானால் சாலைகள், பாலங்கள், பள்ளிக்கூடங்களுக்குச் செலவழித்த பணம்? இங்கே பொதுவான எண்ணமும் ஆய்வின் முடிவும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. பெருமந்தத்தை அரசுச் செலவால் ரூஸ்வெல்ட் விரட்டினார் என்றுதான் பாடப்புத்தகங்கள் பழக்கிவைத்திருக்கின்றன. ஆனால், 1932 தேர்தலில் அவர் கொடுத்த வாக்குறுதி, வரவு–செலவைச் சமன்செய்து அரசுச் செலவைக் குறைப்பேன் என்பது. பதவியேற்ற மாதமே அரசு ஊழியர் சம்பளத்தையும் முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியத்தையும் வெட்டினார். பிறகு நிவாரணச் செலவு கூடியது உண்மை. ஆனால், மத்திய அரசு ஒரு கையால் கொடுத்ததை மாநிலங்களும் நகராட்சிகளும் வரி உயர்வாலும் செலவுக் குறைப்பாலும் இன்னொரு கையால் எடுத்தன. 1956-இல் இ. கேரி பிரவுன் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அரசுச் செலவு என்ற மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அதைப் போதிய அளவில் கொடுத்தே பார்க்கவில்லை என்பது அவர் வந்தடைந்த முடிவு. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் இந்த முடிவை அசைக்கவில்லை.

தேசியத் தொழில் மீட்புச் சட்டத்துக்கு ஆதரவாளர்கள் குறைவு. 1933 ஜூனில் வந்த அந்தச் சட்டம், ஒவ்வொரு தொழிலிலும் முதலாளிகள் கூடி விலை, ஊதியம், உற்பத்தி பற்றி விதிகள் வகுத்துக்கொள்ள அனுமதித்தது. நீலக் கழுகுச் சின்னம் கடை வாசல்தோறும் ஒட்டப்பட்டது. மக்கள் கையில் பணமில்லாத நேரத்தில் விலையை ஏற்றச் சொன்ன சட்டம் அது. 1935 மே மாதம், நியூயார்க்கின் புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த ஷெக்டர் சகோதரர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்துசெய்தது. இத்தகைய கொள்கைகள் மீட்சியைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்தின என்று ஹரால்டு கோலும் லீ ஒஹானியனும் 2004-இல் கணித மாதிரிகளைக் கொண்டு வாதிட்டார்கள். கெளட்டி எகெர்ட்சன் அதற்கு நேரெதிராக, விலை இனி விழாது என்ற நம்பிக்கையை விதைத்ததாலேயே அவை உதவின என்றார். இரு தரப்புக் கணக்குகளும் நுட்பமானவை. ஆனால், இந்தச் சட்டத்தின் நீடித்த விளைவு விலையில் இல்லை. தொழிலாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமையை அதன் ஒரு பிரிவு அங்கீகரித்திருந்தது. சட்டம் செத்த பிறகும் அந்த உரிமை 1935-இன் வாக்னர் சட்டத்தில் உயிர்பெற்று, வாகனத் தொழிற்சாலைகளிலும் இரும்பாலைகளிலும் லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையை மாற்றியது.

வேளாண் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது வரலாற்றாசிரியர்களின் குரலில் கசப்பு ஏறிவிடும். ஏற வேண்டியதுதான். விளைபொருள் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக 1933-இல் சுமார் ஒரு கோடி ஏக்கரில் நின்ற பருத்திச் செடிகள் உழுது அழிக்கப்பட்டன. சுமார் 60 லட்சம் பன்றிகள், பெரும்பாலும் குட்டிகள், கொல்லப்பட்டன. நகரங்களில் இலவசக் கஞ்சிக்கு மக்கள் காத்துநின்ற ஆண்டு அது. இறைச்சியின் ஒரு பகுதி நிவாரணத்துக்குப் போனது. ஆனாலும், அழித்த காட்சியை நாடு மறக்கவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. நிலத்தைத் தரிசாகப் போடுவதற்கான இழப்பீடு நிலவுடைமையாளரின் கைக்குப் போனது. உழைத்தவர் வாரக் குத்தகைதாரர். நிலம் குறைந்ததும் அவருக்கு வேலையில்லை. தென் மாநிலங்களில் குத்தகைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் உண்டு. 1934-இல் ஆர்கன்சாவில் இரண்டு தரப்பினரும் சேர்ந்து தெற்குக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறவெறி ஆட்சி செய்த மண்ணில் அது பெரும் துணிச்சல். குத்தகைதாரரை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்துக்கு விளக்கம் சொன்ன வேளாண் துறையின் இளம் வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டார்கள். பருத்தி விலை ஏறியது என்று பதிவேடு சொல்லும். யாருடைய செலவில் ஏறியது என்று கேட்பதுதான் வரலாற்றின் வேலை.

இந்தக் கேள்வியைத் தொடக்கக் கால வரலாற்றாசிரியர்கள் போதிய அழுத்தத்தோடு கேட்கவில்லை. 1957-க்கும் 1960-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக ரூஸ்வெல்ட் யுகத்தை எழுதிய ஆர்தர் ஷ்லெசிங்கர் ஜூனியரின் நடை இன்றும் வாசகரை இழுத்துக்கொண்டு போகும். சர்வாதிகாரத்துக்கும் பழைய சந்தைக் குருட்டுத்தனத்துக்கும் நடுவே ஜனநாயகத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்த தலைவர்களின் கதை அது. 1963-இல் வில்லியம் லாய்க்டென்பர்க் எழுதிய நூல் நிதானமானது. நியூ டீல் பாதிப் புரட்சி, அடித்தட்டில் இருந்த பலரை அது தொடவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். 1968-இல் பார்ட்டன் பெர்ன்ஸ்டைன் இன்னும் கடுமையாகப் பேசினார். குடிமை உரிமைப் போராட்டமும் வியட்நாம் போரும் அமெரிக்க மனசாட்சியை உலுக்கிய காலம். நியூ டீல் முதலாளித்துவத்தைக் காப்பாற்றியது, செல்வத்தையும் அதிகாரத்தையும் மறுபங்கீடு செய்யவில்லை என்றார். 2007-இல் அமிட்டி ஷ்லேஸ் எதிர்த் திசையிலிருந்து தாக்கினார்: அரசு அளவுக்கு மீறித் தலையிட்டதால்தான் தொழில்முனைவோர் ஒதுங்கினார்கள் என்றார்.

ஒவ்வொரு தலைமுறையும் தன் கவலையைப் பழைய காலத்தின் மேல் ஏற்றிப் பார்க்கிறது என்று சொல்லி இவர்களை எல்லாம் சமமாக ஒதுக்கிவிடக் கூடாது. ஏனென்றால், அறிவு உண்மையிலேயே வளர்ந்திருக்கிறது. மேலிருந்து பார்த்த பார்வை கீழிருந்து பார்க்கப் பழகியதுதான் அந்த வளர்ச்சி. லிசபெத் கோஹன் 1990-இல் வெளியிட்ட நூலில் சிகாகோ தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார். 1920-களில் அந்த மக்கள் நெருக்கடி வந்தால் தங்கள் இனத்தாரின் அறச் சங்கங்களை, தேவாலயத்தை, சிறு வங்கிகளை, முதலாளியின் கருணையை நம்பியிருந்தார்கள். பெருமந்தம் அத்தனையையும் ஒரே வீச்சில் சாய்த்தது. அதன் பின்னரே அவர்கள் தொழிற்சங்கத்தையும் அரசையும் தங்களுடையவையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ராபர்ட் மெக்கெல்வைன், ரூஸ்வெல்ட் தம்பதிக்கு ஏழை மக்கள் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1983-இல் வெளியிட்டார். வெள்ளை மாளிகைக்கு லட்சக்கணக்கில் வந்த கடிதங்கள் அவை. குளிருக்கு ஒரு பழைய கோட்டு கிடைக்குமா என்று அதிபரின் மனைவியிடம் கேட்ட பெண்களின் எழுத்து, எந்த வளர்ச்சி விகிதமும் சொல்லாததைச் சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நியூ டீலை விசாரிப்பதற்கான சாட்சியங்களில் பெரும்பகுதியை உருவாக்கியதே நியூ டீல்தான். 1935-இலிருந்து 1943 வரை இயங்கிய டபிள்யூ.பி.ஏ. என்ற அரசு வேலைவாய்ப்பு அமைப்பு சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலை போட்டவர்கள்போக, எழுத்தாளர்களும் ஓவியர்களும் நாடகக்காரர்களும் அதில் சம்பளம் வாங்கினார்கள். ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எலிசன், சோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் அதன் எழுத்தாளர் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தத் திட்டத்தார் 1936-க்கும் 1938-க்கும் இடையில், அடிமைகளாகப் பிறந்து முதுமையில் இருந்த 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்தார்கள். இன்னும் சில ஆண்டுகள் விட்டிருந்தால் அந்தக் குரல்கள் மண்ணோடு போயிருக்கும். அரசின் வேளாண் மறுவாழ்வு அமைப்புக்காகப் படமெடுத்த டொரத்தியா லாங், 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் எடுத்த தாயின் படம் உலகப் புகழ்பெற்றது. ஒரு நிவாரணத் திட்டம் தன் நாட்டின் வறுமையைத் தானே பதிவுசெய்து அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தது. இதன் மதிப்பை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

அதே கூர்மையோடு விலக்கல்களையும் பார்க்க வேண்டும். 1935 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கு அடித்தளமிட்டது. ஆனால், விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அது சேர்க்கவில்லை. அதனால், கறுப்பின உழைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதியோர் காப்பீட்டுக்கு வெளியே நின்றார்கள். ரூஸ்வெல்ட்டின் கட்சிக்குள் இருந்த தென் மாநில உறுப்பினர்களின் வாக்கு இல்லாமல் எந்தச் சட்டமும் நிறைவேறாது, அதற்குக் கொடுக்கப்பட்ட விலை இது என்று ஐரா கட்ஸ்நெல்சன் தன் நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார். லாரி டெவிட் 2010-இல் இதை மறுத்தார். சிதறிக் கிடக்கும் சிறு முதலாளிகளிடமிருந்து வரி வசூலிப்பது கடினம் என்று நிதித் துறையே இந்த விலக்கைக் கேட்டது என்பது அவர் தரப்பு. நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். பருத்திக் காட்டிலும் அடுத்தவர் சமையலறையிலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு முதுமைக் காப்பு மறுக்கப்பட்டது. இளைஞர்களுக்கான காடு வளர்ப்புப் படையில் சுமார் 30 லட்சம் பேர் வேலை பெற்றார்கள். மாதம் 30 டாலர் ஊதியத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போனது. கறுப்பின இளைஞர்களுக்கு அங்கே தனி முகாம்கள். பெண்களுக்கு அந்தப் படையில் இடமே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 1936 தேர்தலில் வடக்கு நகரங்களின் கறுப்பின வாக்காளர்கள், லிங்கனின் கட்சியை விட்டு ரூஸ்வெல்ட்டின் பக்கம் பெருந்திரளாக வந்தார்கள். அவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பது. நான்சி வைஸ் 1983-இல் காட்டியதுபோல, இன நீதி கிடைக்காதபோதும் சோறும் வேலையும் கொடுத்த அரசை அவர்கள் எடைபோட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பாகுபாடு கலந்த உதவியாக இருந்தும் அதற்குமுன் அவர்களுக்கு வந்ததைவிட அது பெரிது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாத வரலாறு அரைகுறை வரலாறு.

கடந்த கால் நூற்றாண்டில் மிகப் பயனுள்ள வேலை, தேசிய சராசரிகளை விட்டுவிட்டு மாவட்டம் மாவட்டமாக, நகரம் நகரமாகக் கணக்கெடுத்த ஆய்வாளர்களுடையது. பிரைஸ் ஃபிஷ்பேக்கும் அவருடைய சகாக்களும் 114 நகரங்களின் நிவாரணச் செலவையும் இறப்புப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்தார்கள். நிவாரணம் கூடிய இடங்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பும் தற்கொலைகளும் தொற்றுநோய்ச் சாவுகளும் குறைந்திருந்தன. பொதுப்பணிக்கும் நிவாரணத்துக்கும் அதிகம் செலவான மாவட்டங்களில் கடைகளின் விற்பனை உயர்ந்தது. பயிர்க் குறைப்பு இழப்பீடு போன மாவட்டங்களில் அந்த உயர்வு இல்லை. ஒரே அரசு, ஒரே ஆண்டுகள், ஆனால் பணம் யார் கைக்குப் போனது என்பதைப் பொறுத்து விளைவு மாறியது. உழைப்பவர் கைக்குப் போன பணம் ஊருக்குள் சுழன்றது. நிலவுடைமையாளர் கைக்குப் போன பணம் உழைத்தவரை வெளியேற்றவும் உதவியது. நியூ டீல் பற்றிய விவாதத்தில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இல்லை.

இன்னொரு பக்கம், வேலையின்மை எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வதன் ஆபத்துக்கு அதே காலத்து ஜெர்மனி சாட்சி. 1933 தொடக்கத்தில் அங்கே பதிவான வேலையற்றோர் சுமார் 60 லட்சம். 1937-இல் அது 10 லட்சத்துக்கும் கீழே. எண்ணை மட்டும் பார்த்தால் ஹிட்லரே சிறந்த மீட்பர். யூதர்கள் வேலையிலிருந்து துரத்தப்பட்டதும், பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும், தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டதும், நெடுஞ்சாலைகளைவிட ஆயுதக் குவிப்பே பெரும்பணத்தை விழுங்கியதும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கின்றன. ஆடம் டூஸ் 2006-இல் வெளியிட்ட நூலில் நாஜிப் பொருளாதாரத்தின் அந்தப் புகழை ஆதாரத்தோடு கலைத்துப்போட்டார்.

போர்தான் அமெரிக்கப் பெருமந்தத்தை முடித்தது, நியூ டீல் அல்ல என்பார்கள் சிலர். 1944-இல் வேலையின்மை ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் என்பது உண்மை. ஆனால், போரும் அரசின் செலவுதான், அதுவும் நியூ டீல் கனவிலும் நினைக்காத அளவு. அதோடு கோடிக்கும் மேற்பட்ட ஆண்கள் சீருடையில் இருந்தார்கள். போர்ச் செலவு பெருகும் முன்பே மீட்சி வெகுதூரம் வந்துவிட்டது என்பதே ரோமரின் கணக்கும்.

மீட்சி நடுவழியில் ஒருமுறை தடுக்கி விழுந்தது. 1937-இல் நிலைமை சீராகிவிட்டது என்று நம்பி ரூஸ்வெல்ட் செலவைக் குறைத்தார். நிவாரண வேலைகள் வெட்டப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிப் பெடரல் ரிசர்வ், வங்கிகள் கையிருப்பில் வைக்க வேண்டிய தொகையை இரட்டிப்பாக்கியது. நிதித் துறை, வரும் தங்கம் பணப்புழக்கத்தில் சேராமல் தடுத்தது. சமூகப் பாதுகாப்புக்கான வரிப்பிடித்தமும் அந்த ஆண்டு தொடங்கியது. தொழில் உற்பத்தி சில மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. வேலையின்மை 19 சதவீதத்துக்கு ஏறியது. 1938 ஏப்ரலில் அரசு மீண்டும் செலவுக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. இடதிலிருந்து பார்ப்பவர்களும் வலதிலிருந்து பார்ப்பவர்களும் ஓரளவு ஒத்துப்போகும் அத்தியாயம் இது. மருந்தை முன்கூட்டியே நிறுத்தியதன் விலையைக் கொடுத்தவர்கள், முடிவெடுத்த அதிகாரிகள் அல்லர். அந்த ஆண்டு இரண்டாவது முறையாக வேலையிழந்த குடும்பங்கள்.

இவையெல்லாம் நூலகத்துக்குள் அடைந்துகிடக்கும் சண்டைகள் அல்ல. 2008-இல் உலகம் மறுபடி நொறுங்கியபோது பெடரல் ரிசர்வின் தலைமையில் பெருமந்தத்தை ஆராய்ந்த பெர்னான்கி இருந்தார். 2009-இல் அதிபர் ஒபாமாவின் பொருளாதார ஆலோசனைக் குழுவுக்கு ரோமர் தலைமையேற்றார். சுமார் 787 பில்லியன் டாலர் மீட்புச் சட்டம் நிறைவேறியது. ஊக்கச் செலவை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் என்று 1937-ஐ எடுத்துக்காட்டி ரோமர் அந்த ஆண்டே எச்சரித்தார். வங்கிகளைச் சரியவிடக் கூடாது என்ற பாடத்தை அரசு முழுமையாகவே படித்திருந்தது.

வீடுகள் பற்றிய பாடத்தை அப்படிப் படிக்கவில்லை. 1933-இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம், தவணை கட்ட முடியாதவர்களின் கடன்களை வங்கிகளிடமிருந்து தானே வாங்கியது. குறுகிய காலக் கடனைப் பதினைந்து ஆண்டுத் தவணையாக மாற்றிக் கொடுத்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கடன் இப்படி அதன் கைக்கு வந்தது. அப்படி உதவி பெற்றவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கடைசியில் வீட்டை இழந்தார். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு மையால் அடையாளமிட்ட வரைபடங்களையும் இதே கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்குத் தயாரித்தது. ஆனால், அந்தப் பகுதிகளுக்குக் கடன் மறுத்ததில் பெரும்பங்கு 1934-இல் வந்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகத்துடையது என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. அத்தனை குறைகளோடும், கடன்பட்டவரின் வாசலுக்கு அரசே நேராகப் போன திட்டம் அது. வீட்டுக் கடனாளிகளுக்கென 2009-இல் வந்த திட்டம் அந்த வழியில் போகவில்லை. கடன் வசூலிக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து, தவணையைக் குறைக்கும் முடிவை அவற்றின் விருப்பத்துக்கு விட்டது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவுவதாக அறிவித்த அந்தத் திட்டம், 2016-இல் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவடைத்தபோது நிரந்தரத் தவணைக் குறைப்புப் பெற்றவர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. பெரிய வங்கிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே லாபத்துக்குத் திரும்பியிருந்தன.